காது வைத்த காபிப் பொட்டலம்

ஜஸீலாவுக்குச் சந்தோஷம் வந்துவிட்டால் பக்கத்தில் யார் இருந்தாலும் சரி, அவர்கள் மணிக்கட்டைப் பிடித்துவிடுவாள். பிடித்து ஒரு உலுக்கு உலுக்கிய பிறகுதான் அவளுக்குப் பேச்சே வரும். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரின் கையைப் பிடித்து உலுக்கிவிட்டு வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறாள். நிக்காஹ் முடிந்து தெற்குவாசலிலிருந்து வில்லாபுரத்துக்கு மருமகளாக வந்த அன்றே, மொட்டைமாடியில் நின்றால் விமானம் இறங்குவது தெரிகிறது என்று மாமியார் அஜ்மல் பீவியின் கையைப் பிடித்து உலுக்கியதில், அந்த அம்மாவின் கண்ணாடி வளையல்கள் உடைந்தே போயின. வந்த அன்றைக்கே வளையலை உடைத்தவள் என்று அஜ்மல் பீவி இன்றைக்கும் வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் அந்த விமானத்திலேயே ஏறி வியட்நாம் போய்விட்டு வந்தாள் என்றால், அந்த வீடு என்ன பாடு பட்டிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு வேலை தல்லாகுளத்தில், சௌந்தரராஜனின் டூர் கம்பெனியில். போன் எடுப்பது அவள், சீட் ஒதுக்குவது அவள், யாருக்கு ஜன்னலோரம் வேண்டும், யாருக்கு மலைப்பாதையில் குமட்டும் என்று ஞாபகம் வைத்துக்கொள்வதும் அவள்தான். ராமேஸ்வரம், காசி என்று ஆட்களைக் கூட்டிப்போய்க்கொண்டிருந்த கம்பெனி, ஊரே வியட்நாம் போகிறதே, நாம் மட்டும் என்ன குறைச்சல் என்று அங்கேயும் டூர் போட்டது. ஒரு தடவை முழுக்கப் பெண்களாகவே ஒரு கூட்டம் சேர்ந்தது. துணைக்கு ஒரு பெண் போக வேண்டும். சௌந்தரராஜன் ஆபீசைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். அங்கே இருந்த ஒரே பெண் ஜஸீலாதான். ஊருக்கெல்லாம் சீட் போட்டுக் கொடுத்தவள் தனக்கு ஒரு சீட் போட்டுக்கொண்டாள்.

வியட்நாமின் சைகோன் நகரத்தில் முதல் நாள் காலை. கூட்டத்தை எழுப்புவதற்கு முன்னால் சூடாக ஒரு வாய் டீ குடிக்கலாம் என்று ஹோட்டல் அறையில் இருந்த கெட்டிலின் ஸ்விட்சைத் தட்டிவிட்டாள். டீத்தூளைத் தேடிய கையில் ஒரு தட்டையான உறை அகப்பட்டது. கிழித்தால் உள்ளே காகிதத்தில் ஒரு சின்னப் பை, அதன் இரண்டு பக்கமும் அட்டையில் இரண்டு காது. காதை விரித்துக் கோப்பையின் விளிம்பில் மாட்டினால் பை நடுவில் தொங்குகிறது. பையின் வாயைக் கிழித்துச் சுடுதண்ணீர் ஊற்றினால் கீழே சொட்டுச் சொட்டாக டிகாஷன் இறங்குகிறது. அடுப்பு வேண்டாம், பில்டர் வேண்டாம், கழுவுகிற வேலை சுத்தமாகக் கிடையாது. குடித்து முடித்ததும் பையைத் தூக்கிக் குப்பையில் போட்டால் ஆயிற்று.

அடேயப்பா! அவளுக்கு ஒரு மணிக்கட்டு உடனே தேவைப்பட்டது. அறையில் யாரும் இல்லை. கோப்பையும் கையுமாக ஓடிப்போய் அடுத்த அறைக் கதவைத் தட்டி, தூக்கக் கலக்கத்தில் வந்த அம்மாளைப் பிடித்து உலுக்கிவிட்டாள். அந்த அம்மாள் ஏதோ பூகம்பம் என்று நினைத்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

தெருவில் இறங்கினால் அங்கே வேறொரு காட்சி. கண்ணாடி டம்ளரின் அடியில் கெட்டியாக டின் பால். டம்ளரின் தலையில் தகரத்தில் ஒரு குட்டி பில்டர். கரேல் என்று டிகாஷன் மேலிருந்து பாலின் மேல் சொட்டுகிறது. ஆட்கள் சின்னச் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே ஊர்க்கதை பேசுகிறார்கள். ஒருவருக்கும் அவசரமே இல்லை. ஜஸீலாவும் உட்கார்ந்து குடித்தாள். குடித்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் ஒன்றை மட்டும் அங்கேயே முடிவு செய்துகொண்டாள். காது வைத்த பை மதுரைக்கு வரும், டின் பால் வராது. எருமைப்பால் குடித்து வளர்ந்த ஊரில் டின் பாலை நீட்டினால் மூஞ்சியில் ஊற்றிவிடுவார்கள் என்பது அவள் கணக்கு.

அந்தக் கணக்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஊருக்குத் திரும்பியவளுக்குத் தூக்கம் போய்விட்டது. டீ குடிக்கிற குடும்பம் அது. அவள் கணவன் இஜாஸ் பர்னிச்சர் கடையின் டெலிவரி வண்டி ஓட்டுகிறவன், ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று அவனுக்கே தெரியாது. அஜ்மல் பீவிக்குக் காபி என்றாலே ஆகாது, அது காய்ச்சலுக்குக் கொடுக்கிற கஷாயம் என்பார். அந்த வீட்டு மாடியில் சும்மா கிடந்த ஒற்றை அறையில் காலியான பைகள், சீல் வைக்கிற மிஷின், காபிக்கொட்டை என்று ஒவ்வொன்றாக ஏற ஆரம்பித்தன. குடகின் ரொபஸ்டா ரகக் கொட்டையை நன்றாகக் கறுக்க வறுத்து, கடைசியில் ஒரு கரண்டி வெண்ணெய் விட்டுப் புரட்டுவாள். வியட்நாமில் அப்படித்தான் செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

அரைப்பதற்குத் தெற்குவாசல் பால்பாண்டியின் காபித்தூள் கடைக்குப் போனால், அங்கே ஒரு சண்டை. சிக்கரி வேண்டாம் என்றாள். பால்பாண்டி இவளை ஏற இறங்கப் பார்த்தார். நைசாக அரைக்க வேண்டாம், ரவை பதம் போதும் என்றாள். பால்பாண்டி மிஷினையே நிறுத்திவிட்டார்.

"ரவை பதமா? ஏம்மா, காபி போடப் போறியா, உப்புமா கிண்டப் போறியா?"

கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். ஜஸீலாவும் சேர்ந்து சிரித்தாள், ஆனால் ரவை பதத்தை விடவில்லை. நைசாக அரைத்தால் காகிதம் அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான் விஷயம். முதலில் போட்ட பைகள் எல்லாம் அடைத்துக்கொண்டவைதான். பிறகு சில பைகள் பல்லிளித்துக்கொண்டு கிழிந்தன, சிலவற்றில் காது அறுந்து பையே டம்ளருக்குள் விழுந்தது. ஆபீசுக்குப் போகும் முன் மாடி ஏறுவாள், ஆபீஸ் விட்டு வந்ததும் மாடி ஏறுவாள். வீடு முழுக்க வறுத்த காபியின் வாசனை. தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று மேலே பார்த்தார்கள். ஒரு நாள் பை கிழியவில்லை, அடைக்கவில்லை, காது அறுந்துபோகவில்லை, சொட்டு ஒழுங்காக இறங்கியது. அன்றைக்கு இஜாஸின் கை படாத பாடு பட்டது. ஆபீசில் டிரைவர் வெள்ளைத்துரைக்கு ஒன்று போட்டுக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, தங்கச்சி, இத வச்சுக்கிட்டு கன்னியாகுமரியிலருந்து காசிவரைக்கும் ஒத்த மூச்சுல ஓட்டிருவேன் என்றார்.

இந்தச் சமயத்தில்தான் அஜ்மல் பீவி குண்டைப் போட்டார். பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஆயிஷா சித்திகா என்ற டீச்சர் தங்குவதற்கு இடம் தேடிக்கொண்டிருந்தாள். நம்ம மாடி அறை சும்மாதான் கிடக்கிறது என்று இந்த அம்மா வாக்குக் கொடுத்துவிட்டார். சும்மாவா கிடக்கிறது? கீழே இருப்பது ஒரு கூடமும் ஒரு படுக்கையறையும். அந்த அறை போனால் மிஷினை வைக்க இடம் கிடையாது, கொட்டை வறுக்க இடம் கிடையாது, எல்லாம் போச்சு.

அவள் சௌந்தரராஜனிடம் போய் நின்றாள். டூருக்குப் போகிறவர்களுக்கு எல்லாம் இந்தப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்பலாம், எந்த ஊரில் எந்த லாட்ஜில் விழுந்து கிடந்தாலும் சுடுதண்ணீர் இருந்தால் காபி என்று மூச்சு விடாமல் சொன்னாள். சௌந்தரராஜன் சௌராஷ்டிரக் குடும்பத்து ஆள், காபி விஷயத்தில் பொல்லாதவர். அதைவிடப் பொல்லாதவர் அவர் மனைவி அலர்மேல்மங்கை. ஊரையெல்லாம் கூட்டிக்கொண்டு போகிற டூர் கம்பெனி முதலாளியின் மனைவி, கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாளுக்கு மேல் எந்த டூருக்கும் போனதில்லை. காரணம் காபிதான். வெளியூர்க் காபி வாயில் வைக்க விளங்காது, காபி இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் தலைவலி வந்து படுத்துவிடுவார். சௌந்தரராஜன் காசிக்கு எத்தனையோ தடவை ஊராரோடு போயிருக்கிறார், மனைவியோடு ஒரு தடவைகூடப் போனதில்லை. ஆபீஸ் சுவரில் காசிப் படித்துறையில் அவர் தனியாக நிற்கிற போட்டோ மாட்டியிருக்கிறது.

அவர் யோசித்து ஒரு வழி சொன்னார். அடுத்த வாரம் அவருடைய ஜனங்களே ஒரு பஸ் நிறைய ஸ்ரீரங்கம் போகிறார்கள். பெருமாளைச் சேவிக்கும்வரை யாரும் சாப்பிட மாட்டார்கள், காபி மட்டும்தான். வழியில் கொட்டாம்பட்டிப் பக்கம் நிறுத்தி இந்தக் காபியைக் கொடுக்கட்டும். நன்றாக இருக்கிறது என்று அவர்கள் வாயால் சொல்லிவிட்டால் இனிமேல் கம்பெனியின் எல்லா டூருக்கும் ஜஸீலாவின் காபிதான். சொல்லாவிட்டால் இந்தப் பேச்சையே ஆபீசில் எடுக்கக் கூடாது.

வீட்டில் வந்து சொன்னாள். அஜ்மல் பீவி வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டுவிட்டு ஒரே போடாகப் போட்டார்.

"கொட்டாம்பட்டியில தேறுச்சுன்னா ரூம் ஒனக்கு. இல்லைன்னா வெள்ளிக்கெழம அந்தப் புள்ள சாமான எறக்கும். அம்புட்டுத்தான்."

பொட்டலங்கள் தயாராயின. உறையின் மேல் ஒட்டப் பச்சையும் தங்கமுமாக ஸ்டிக்கர். அதில் பெயர் இருந்தது, காபிக்கொட்டைப் படம் இருந்தது. எப்படிப் போட வேண்டும் என்று ஒரு வரி எழுதவில்லையே என்று இஜாஸ் கேட்டான். ஜஸீலா அவனை ஒரு பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். சௌராஷ்டிரக்காரர்களுக்கு, அதுவும் அலர்மேல்மங்கைக்கு, காபி போடுவது எப்படி என்று டீக்குடி வீட்டு மருமகள் எழுதிக் கொடுப்பதா? அவமானப்படுத்துகிற மாதிரி ஆகிவிடாதா? மதுரைக்காரியாகப் பிறந்தவளுக்குத்தான் இந்தத் தப்பு வரும். வேறு ஊராக இருந்தால் நாலு வரி அச்சடித்து ஒட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

விடியும் முன்னே பஸ் தல்லாகுளத்திலிருந்து கிளம்பியது. ஜஸீலா டிரைவருக்குப் பின் சீட்டில், மடியில் பொட்டலப் பெட்டி, காலுக்கடியில் குழாய் வைத்த பெரிய சுடுதண்ணீர் கேன். பஸ் மேலூரைத் தாண்டியபோது கிழக்கு வெளுத்துவிட்டது. இரண்டு பக்கமும் நெல் அறுத்த வயல், தூரத்தில் கல் குன்றுகள். பஸ்ஸுக்குள் பாசுரம் ஒரு பக்கம், அவர்கள் வீட்டு மொழியில் அரட்டை ஒரு பக்கம். அவள் பெட்டியைத் திறந்து பொட்டலங்களை எண்ணினாள், மூடிவிட்டு மறுபடியும் திறந்து எண்ணினாள். சந்தோஷமா பயமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கொட்டாம்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் சாலையோரம் இருந்த புளியமரங்களின் நிழலில் வெள்ளைத்துரை பஸ்ஸை நிறுத்தினார். ஜஸீலா குதித்து இறங்கினாள். ஒரு மடக்கு மேசையை விரித்து, கேனைத் தூக்கி வைத்து, பொட்டலத்தை எல்லார் கையிலும் திணித்தாள். திணித்துக்கொண்டே, "காத விரிச்சு மாட்டுங்க, மேல ஊத்துங்க! காத விரிச்சு மாட்டுங்க, மேல ஊத்துங்க!" என்று கூவிக்கொண்டு ஓடினாள். எதை ஊற்ற வேண்டும் என்று சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கு அது அவ்வளவு தெரிந்த விஷயம்.

அவரவர் கைப்பைக்குள்ளிருந்து எவர்சில்வர் டம்ளர்கள் வெளியே வந்தன. இந்த ஜனங்கள் பேப்பர் கப்பில் காபி குடிக்க மாட்டார்கள், எங்கே போனாலும் அவரவர் டம்ளர் கூடவே வரும். ஒவ்வொருவராகக் கேனுக்கு வந்தார்கள். குழாயைத் திருகினார்கள். சுடுதண்ணீரைப் பிடித்து டம்ளரை ஒரு சுழற்று சுழற்றிக் கீழே கொட்டினார்கள். காபி ஆறாமல் இருப்பதற்கு டம்ளரை முதலில் வெந்நீர் விட்டுச் சூடேற்றுவது அவர்கள் வழக்கம். ஆகா, என்ன பொறுப்பான பெண், டம்ளர் அலசக்கூடச் சுடுதண்ணீர் கொண்டுவந்திருக்கிறாளே என்று ஒரு பெரியவர் பாராட்டிவிட்டுப் போனார்.

அந்தப் பக்கம் அலர்மேல்மங்கை இரண்டு பெரிய பிளாஸ்க்கில் ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். வீட்டிலிருந்து கொண்டுவந்த எருமைப்பால், சர்க்கரை போட்டுச் சுண்டக் காய்ச்சியது. காபிக்குப் பால் யார் கொண்டுவருவார்கள் என்று அவருக்குச் சந்தேகம், அதனால் தானே கொண்டுவந்துவிட்டார். எல்லாரும் டம்ளரில் பையை மாட்டிக்கொண்டு அவரிடம் போனார்கள். அவரும் அள்ளி அள்ளி, பைக்கு மேலேயே பாலை ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஜஸீலா திரும்பிப் பார்த்தபோது காரியம் கெட்டுப்போய்விட்டது. பால் பைக்குள் நின்றது. ஆடை படிந்து காகிதத்தை அடைத்துக்கொண்டது. ஒரு சொட்டு இறங்கவில்லை. சிலர் உலுக்கினார்கள், சிலர் ஊதினார்கள், ஒருவர் பையைப் பிழிந்து பார்த்தார். அது வெடித்துப் புதுப்பட்டு வேட்டி முழுக்கத் தூள். ஒரு அம்மாளின் பை டம்ளருக்குள் விழுந்து மிதந்தது. பசியோடு இருந்த கூட்டம், அதிலும் காபிக்குக் காத்திருந்த கூட்டம், சத்தம் எழுந்துவிட்டது. அலர்மேல்மங்கை பிளாஸ்க்கை மூடினார். சௌந்தரராஜன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"போதும்மா. எல்லாரும் ஏறுங்க. காபிய வழியில ஓட்டல்ல பாத்துக்கலாம்."

மாடி அறைக் கதவு சாத்துகிற சத்தம் அவளுக்கு அங்கேயே கேட்டது. அழுகை கண்வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரத்தில் வெள்ளைத்துரை, அண்ணே, பின் டயர்ல காத்து கொறையிற மாதிரி இருக்கு, ஒரு பார்வை பாத்துட்டுக் கெளம்புவோம் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கடியில் நுழைந்தார். டயருக்கு ஒரு கேடும் இல்லை. அது அவளுக்கும் தெரியும், சௌந்தரராஜனுக்கும் தெரிந்திருக்கும்.

ஜஸீலா ஓடிப்போய் கேனைச் சாய்த்துப் பார்த்தாள். எல்லாம் டம்ளர் அலசியே தீர்ந்திருந்தது. அடியில் கொஞ்சம் கிடந்தது. ஒரு டம்ளருக்கு நிறைய ஊற்றினால் நாலைந்து பேருக்குக்கூடக் காணாது. பெட்டியில் பொட்டலம் மட்டும் இன்னும் நிறைய இருந்தது. அலர்மேல்மங்கையின் ஒரு பிளாஸ்க் பால் இன்னும் திறக்காமலே இருந்தது. தண்ணீர் கொஞ்சம், பால் நிறைய. அவளுக்குச் சட்டென்று சைகோன் தெரு ஞாபகம் வந்தது. டம்ளரின் அடியில் பால், தலையில் பில்டர். அங்கே பாலில் யாரும் தண்ணீர் கலக்கவில்லை, பில்டரில் யாரும் பாலை ஊற்றவும் இல்லை. இந்த ஊரில் எடுபடாது என்று எதைக் கடல் தாண்டி விட்டுவிட்டு வந்தாளோ, அதுதான் இந்த ஊருக்குப் பொருத்தம். டின் பாலைத்தான் இவர்கள் தொட மாட்டார்கள், அடியில் பால் வைப்பதில் என்ன தடை?

முதலாளி மனைவி என்றெல்லாம் யோசிக்கவில்லை. நேராகப் போய் அலர்மேல்மங்கையின் முன்னால் நின்றாள்.

"அம்மா, ராத்திரி வீட்டு பில்டர்ல தூளப் போட்டு எத ஊத்துவீங்க? பாலையா, வெந்நியவா?"

பஸ் படியில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். அலர்மேல்மங்கை இவளை முறைத்தார். ஒரு காபிக்காரியிடம் இப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை.

"வெந்நிதான். பால யாராவது பில்டர்ல ஊத்துவாளா?"

"இதுவும் பில்டர்தாம்மா."

அந்த அம்மாள் கையில் தொங்கிய பையைப் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு, அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார், கூட்டம் முழுக்கக் கொல்லென்று சிரித்தது. பையைப் பிழிந்த பெரியவர்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை ஜஸீலா இன்றைக்கும் மூச்சு வாங்கத்தான் சொல்வாள். டம்ளரில் பை தொடாத அளவுக்குப் பால் முதலில். அதன் மேல் புதுப் பை. பைக்குள் இரண்டு மடக்கு வெந்நீர், அதற்கு மேல் ஒரு துளி கூடாது. கேனை இவள் பிடித்துக்கொண்டாள், யார் டம்ளர் அலச வந்தாலும் விரட்டினாள். இரண்டு மூன்று பேருக்கு ஒரு டம்ளர் என்று பங்கு பிரித்தார்கள். பையிலிருந்து முதல் சொட்டு விழுந்தது. கரேல் என்று, கெட்டியாக, வெள்ளைப் பாலின் நடுவில். அடுத்த சொட்டு. இத்தனை நேரம் கூச்சல் போட்ட கூட்டம் டம்ளரைச் சுற்றிக் குனிந்துகொண்டு நின்றது. ஒரு டம்ளரில் சொட்டு நின்றுபோனது. அலர்மேல்மங்கை பில்டர் மூடியைத் தட்டுகிற பழக்கத்தில் பையின் காதை விரலால் இரண்டு தட்டு தட்டினார். மறுபடியும் இறங்க ஆரம்பித்தது. காபி தெரிந்த கை என்றால் அதுதான்.

தண்ணீர் குறைந்ததே நல்லதாகப் போயிற்று. நிறைய ஊற்றியிருந்தால் நீர்த்துப் போயிருக்கும். இப்போது இறங்கியது நாக்கில் ஒட்டுகிற டிகாஷன்.

அலர்மேல்மங்கை ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு புளியமரத்தைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். கணவரிடம் அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார். ஜஸீலாவுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை, உயிர் போய் உயிர் வந்தது.

சௌந்தரராஜன் திரும்பினார். "சிக்கரி போடலையான்னு கேக்குறா."

"இல்லம்மா. கொட்டை மட்டும்தான்."

அந்த அம்மாள் டம்ளரைக் காலி செய்தார். அடியில் ஒட்டியிருந்ததைச் சுழற்றி அதையும் குடித்தார். பிறகு கணவரிடம், இந்தத் தடவை எல்லாருக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே சொன்னார்.

"இது கைல இருந்தா நான் காசிக்கு வாரேன்."

சௌந்தரராஜன் கையில் இருந்த தன் பங்கைக் குடிக்கவும் மறந்து மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆபீஸ் குரலில், காசி டூருக்கு எவ்வளவு பொட்டலம் வேண்டியிருக்கும் என்று நாளைக்கே உட்கார்ந்து பேசிவிடலாம் என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, டயர் சரியாகிவிட்டதா என்று வெள்ளைத்துரையை அதட்டினார். டயர் அந்த நொடியே சரியாகிவிட்டது.

பஸ் கிளம்பியது. அலர்மேல்மங்கை தன் இடத்தை விட்டுவிட்டு ஜஸீலாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். காசியில் வெந்நீர் எங்கே கிடைக்கும், பாலுக்கு என்ன செய்வது என்று இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார். ஜஸீலா பதில் சொல்லிக்கொண்டே போனை எடுத்து வீட்டுக்கு அடித்தாள். அஜ்மல் பீவிதான் எடுத்தார். ஜஸீலா ஒரே மூச்சில் பாலைச் சொன்னாள், பையைச் சொன்னாள், காசியைச் சொன்னாள், கடைசியில் விஷயத்துக்கு வந்தாள்.

"மாமி, தேறிருச்சு! அந்த டீச்சர் புள்ளகிட்ட ரூம் இல்லைன்னு சொல்லிருங்க."

"அதுகிட்ட முந்தாநாளே சொல்லி, வேற எடமும் பாத்துக் குடுத்தாச்சு."

ஜஸீலாவுக்குப் புரியவில்லை. "முந்தாநாளேவா? அப்ப இன்னைக்கு இது தேறாமப் போயிருந்தா?"

"போயிருந்தா என்னா? தேறுற வரைக்கும் மேல ஒக்காந்து போட்டுக்கிட்டுத்தான் இருந்திருப்ப. சரி, வரும்போது வெத்தல வாங்கிட்டு வா." போன் வைக்கப்பட்டுவிட்டது.

ஜஸீலா போனை மடியில் வைத்தாள். பக்கத்தில் இருந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். உலுக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அலர்மேல்மங்கை காசியைப் பற்றிய கேள்வியைப் பாதியில் நிறுத்தினார், கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.